சிவப்புப் புள்ளி காட்டாத இடம்

போலீஸ் வேலைக்குத் தயாராகும் தம்பிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வகை வீடியோ அடிக்கடி வருகிறது. அமெரிக்கக் காவலர் ஒருவர் புதிய பிஸ்டலை உயர்த்துகிறார். அதன் மேல் சின்னக் கண்ணாடி, கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு பாய்கிறது. கீழே தம்பிகள் எழுதுகிறார்கள்: "நம்ம ஊர் போலீசுக்கு இது எப்ப வரும்?" சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறார்கள்: "குறி தவறாம சுட்டா அப்பாவிங்க சாகமாட்டாங்கல்ல? நாம இதை வரவேற்கணும்தானே?"

நேர்மையான கேள்வி. கிண்டல் செய்து கடந்துபோகக் கூடாது. நம் மக்கள் மீது இந்த மாநிலத்தில் நடந்த சூடுகளையும் அடிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். சாதாரணத் துப்பாக்கியில் குறி பார்க்க மூன்று விஷயங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும்: கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பேக்சைட், குழல் முனையில் உள்ள ஃபோர்சைட், எதிரே இலக்கு. மனிதக் கண்ணால் மூன்று தூரங்களையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஃபோர்சைட்டைக் கவனித்தால் எதிரே நிற்பவர் மங்கலாகிவிடுவார். ரெட் டாட் சைட் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. சின்ன எல்.ஈ.டி. விளக்கின் ஒளி, பூச்சு பூசிய கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் புள்ளியாகத் தெரியும். சுடுபவர் இரண்டு கண்களையும் திறந்தபடி எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர் கையில் இருப்பது கத்தியா, செல்போனா என்பதைக் கவனிக்கவும் அது கொஞ்சம் உதவும்.

இதற்குத் தேவையும் இருந்தது. நியூயார்க் காவல்துறையை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 1998 முதல் 2006 வரையிலான சூடுகளைப் பார்த்ததில், எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் குண்டுகளில் சராசரியாக 18 விழுக்காடுதான் இலக்கைத் தொட்டன. எதிராளி சுடாதபோதும் அது 30 விழுக்காடுதான். மீதிக் குண்டுகள் எங்கே போயின? 2012 ஆகஸ்ட் 24-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால், துப்பாக்கியோடு நின்ற ஒருவரை நோக்கி இரண்டு காவலர்கள் 16 ரவுண்டு சுட்டார்கள். அந்த வழியாகப் போன ஒன்பது பேருக்குக் காயம். அந்தக் காயங்கள் எல்லாம் போலீஸ் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும் வந்தவை. குற்றவாளிகள் கையிலும் துப்பாக்கி தாராளமாகப் புழங்கும் நாட்டில், குறி தவறுவது உண்மையான பிரச்சினை. அங்கே பல காவல்துறைகள் ரெட் டாட் பொருத்திய பிஸ்டலுக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கருவியை வாங்கினால் மட்டும் வேலை முடியாது என்பதை அந்தக் காவல்துறைகளே சொல்கின்றன. பழைய முறையில் ஆண்டுக்கணக்கில் பழகிய கை, புதிய பிஸ்டலை உயர்த்தியதும் கண்ணாடிக்குள் புள்ளியைத் தேடித் தடுமாறும். ஆயிரக்கணக்கான முறை உயர்த்திப் பழகினால்தான் புள்ளி தானாக வந்து நிற்கும். பேட்டரி மாற்ற வேண்டும். குண்டு போகும் இடமும் புள்ளி காட்டும் இடமும் ஒன்றா என்று அவ்வப்போது சுட்டுச் சரிபார்க்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்து வைக்க வேண்டும். ஜூனில் சாரல் விழும் குற்றாலத்தை நினைத்துப் பாருங்கள். திறந்த அமைப்புள்ள சைட்டில், விளக்கு இருக்கும் குழியில் ஒரு துளி தண்ணீர் தேங்கினால் போதும், புள்ளி சிதறிப் பூவாகிவிடும். ஆக, பராமரிப்பும் பயிற்சியும் இல்லாத இடத்தில் இந்தக் கருவி விலை உயர்ந்த கண்ணாடித் துண்டு.

நம் நாட்டு நிலைமை என்ன? உத்தரப்பிரதேசக் காவல்துறை 303 ரைபிளுக்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு நாளில்தான். ஆண்டுகளாக நம் சப்-இன்ஸ்பெக்டர்களின் இடுப்பில் இருந்துவரும் 9 எம்.எம். பிஸ்டல், இஷாப்பூர் தொழிற்சாலையில் பழைய பிரவுனிங் வடிவத்தைப் பின்பற்றிச் செய்தது. இதெல்லாம் மாறும். காவல்படை நவீனமயமாக்கல் என்ற பெயரில் ஒன்றிய அரசின் திட்டம் 1969-70 முதலே இருக்கிறது. இன்றோ நாளையோ சிவப்புப் புள்ளியும் தென்காசி ஆயுதப்படை மைதானத்துக்கு வந்து சேரும். வரும் நாளில் கைதட்டுவதற்கு முன், ஒரு கேள்வியைக் கேட்டு வைப்போம்.

நம் மக்கள் இதுவரை செத்தது குறி தவறியதாலா?

1981 பிப்ரவரியில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே அதைப் பேசியது. டெல்லியிலிருந்து தலைவர்கள் தென்காசிப் பக்கம் படையெடுத்தார்கள். பணம் கொடுத்தார்கள் என்று சிலர் எழுதினார்கள். அந்த மக்கள் சொன்ன காரணங்களில் சாதிக் கொடுமையோடு காவல்துறையின் துன்புறுத்தலும் இருந்தது. ஒரு கிராமம் தன் மதத்தையே மாற்றிக்கொள்ளத் தூண்டிய காரணங்களில் போலீஸ் ஸ்டேஷனும் ஒன்று. அங்கே பயன்பட்ட ஆயுதம் லத்தியும் பூட்ஸும் சாதிப்பெயர் சொல்லும் வாயும்தான்.

1995 ஆகஸ்ட் 31. கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். நம் மக்கள் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த டிவி, தையல் மெஷின், பாத்திரம், தானியம் என்று எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். பீரோவை உடைக்க எந்தக் குறியும் பார்க்கத் தேவையில்லை.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம். கொக்கிரகுளத்தில் தடியடி. ஒரு பக்கம் போலீஸ், மறு பக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கியவர்களையும் விரட்டி அடித்தார்கள். பெண்கள், ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள்.

2011 செப்டம்பர் 11. இமானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடி ஐந்துமுக்கில் போலீஸ் சுட்டது. ஆறு தலித்துகள் உயிரிழந்தார்கள். நினைவஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தை அரசு எப்படிப் பார்த்தது என்பதை அந்த ஒரு நாள் சொல்லிவிட்டது.

2018 மே 22. தூத்துக்குடி. இதைத்தான் சிவப்புப் புள்ளி பேசும் தம்பிகள் நன்றாகப் படிக்க வேண்டும். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். 13 பேர் செத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 அக்டோபர் 18-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது, மறைவான இடத்திலிருந்து, தூரத்திலிருந்து போலீஸ் சுட்டது என்று அது சொல்கிறது. குறி பார்த்துச் சுடுவதில் தேர்ந்த ஒரே காவலரை வெவ்வேறு இடங்களில் சுட வைத்தார்கள் என்றும் சொல்கிறது. 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. சாதாரண உடையில் ஒருவர் வேனின் மேல் ஏறிக் குறி வைத்த காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்குக் கை நடுங்கவில்லை. குறி தவறவும் இல்லை. தலையிலும் மார்பிலும் முதுகுப்பக்கமிருந்து குண்டு பாய்ந்த உடல்கள் அதற்குச் சாட்சி.

தூத்துக்குடியில் அவர்கள் கையில் இன்னும் நல்ல சைட் இருந்திருந்தால் 13 என்ற எண்ணிக்கை குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

குண்டே பாயாத சாவுகளும் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியால் செத்தது உலகத்துக்கே தெரியும். அதே மாதம் நம் தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூரில் இளம் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இறந்தார். ஸ்டேஷனில் அடித்ததால்தான் செத்தார் என்று குடும்பம் கதறியது. அடுத்த மாதமே கடையம் பக்கம் வயதான விவசாயி ஒருவர் வனத்துறையின் பிடியில் இறந்தார். 2019 நவம்பரில் பிறந்த மாவட்டம் இது. ஒரு வயது நிரம்புவதற்குள் இரண்டு சாவுகள். ஒன்றிலும் துப்பாக்கி இல்லை.

சிவப்புப் புள்ளி சொல்வது ஒரே செய்திதான்: இப்போது விசையை அழுத்தினால் குண்டு இங்கே போகும். யாரைச் சுடலாம், எப்போது சுடலாம், சுட்டபின் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதை அது சொல்லாது. நம் உயிர் போனதெல்லாம் இந்த மூன்று கேள்விகளில்தான்.

இது இந்தியப் போலீசுக்கு மட்டும் உள்ள நோய் என்றும் நினைக்க வேண்டாம். லண்டன் காவலர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. வைத்திருப்பவர்கள் கடுமையான பயிற்சி பெற்றவர்கள். 2005 ஜூலை 22-ல் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில் அவர்கள் ஒரு பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியனின் தலையில் ஏழு குண்டுகளைச் செலுத்தினார்கள். குறி மிகச் சரி, ஆள்தான் தவறு. தேடிய ஆளே வேறு. ஆனால் அங்கே நடந்த இன்னொன்றையும் கவனியுங்கள். 2007-ல் லண்டன் காவல்துறை என்ற நிறுவனமே நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1,75,000 பவுண்ட் அபராதம் கட்டியது. அந்தக் குடும்பத்துக்கு அது போதுமான நீதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துறையே கூண்டில் நின்றது. நம்மிடம் ஆணையம் உண்டு, அறிக்கை உண்டு. கூண்டில் நிற்கும் அதிகாரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இப்போது நம் பக்கத்துப் பிழைக்கு வருகிறேன். "மாவுக்கட்டு" மீம்ஸைப் பார்த்துச் சிரிக்கிறோம். "காலில் சுட்டுப் பிடித்தனர்" என்ற செய்திக்கு லைக் போடுகிறோம். கொலை செய்யப்பட்டவர் நம் ஆள் என்றால் என்கவுன்டரைக் கொண்டாடவும் செய்கிறோம். 2024 ஜூலை 5-ல் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூலை 14 அதிகாலையில், கைதானவர்களில் ஒருவர் போலீஸ் பிடியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயுதத்தை எடுக்க அழைத்துப் போனபோது தப்பித்துச் சுட முயன்றார் என்றார்கள். நம்மில் சிலருக்கு அது ஆறுதலாக இருந்தது. யோசித்துப் பாருங்கள்: வெட்டச் சொன்னது யார், பணம் கொடுத்தது யார் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாய் அன்றைக்கு மூடப்பட்டது. இழப்பு யாருக்கு? நீதி கேட்டுத் தெருவில் நின்ற நமக்குத்தான்.

காலில் சுடுவது என்ற கதையையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். எதிரே இருப்பவர் அந்த நொடியில் உயிரைப் பறிக்கப் போகிறார் என்றால்தான் போலீஸ் சுடலாம். 1990-ல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. கோட்பாடுகளின் சாரம் இது. அப்படிப்பட்ட நொடியில் அசையும் முழங்காலைத் தேடிக் குறி வைக்க நேரம் ஏது? குறி வைக்க நேரம் இருந்தது என்றால், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தது என்ற வாதமே ஆட்டம் காண்கிறது. தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதில் பட்டால் சில நிமிடங்களில் ஆள் செத்துவிடுவார். நாளை சிவப்புப் புள்ளி வந்தால், "துல்லியமாகக் காலில் சுட்டோம்" என்ற கதைக்குப் புதுப் பளபளப்பு வரும். அந்தக் கால் பெரும்பாலும் சேரியிலிருந்தும் குடிசையிலிருந்தும் வந்த கால்.

அப்படியானால் போலீஸ் எப்போது நம்மைக் காப்பாற்றியது? அதற்கும் தென்காசியிலேயே பதில் இருக்கிறது. 2022 செப்டம்பர். சங்கரன்கோவில் வட்டம் பாஞ்சாகுளம். தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மாட்டேன், ஊர்க்கட்டுப்பாடு என்று கடைக்காரர் சொன்ன வீடியோ வெளியானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, கைது, கடைக்குச் சீல். அதோடு நிற்காமல், அந்தச் சட்டத்தின் 10-வது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று காவல்துறை நீதிமன்றத்தில் கேட்டு உத்தரவு வாங்கியது. தமிழ்நாட்டில் யாரும் தொடாமல் கிடந்த பிரிவு அது. ஒரு தோட்டா செலவாகவில்லை. சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் படித்த ஓர் அதிகாரியும், வீடியோவை வெளியே கொண்டுவந்த கைகளும் போதுமாக இருந்தன.

குற்றாலத்தையும் பாருங்கள். சீசனில் அங்கே காவலருக்கு என்ன வேலை? மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டினால் விசிலடித்துக் கூட்டத்தை வெளியேற்றுவது. பெண்கள் பக்கம் ஆண்கள் நுழையாமல் பார்ப்பது. காணாமல் போன குழந்தையைத் தாயிடம் சேர்ப்பது. 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவனை அடித்துப் போனது. அன்றைக்குத் தேவைப்பட்டது மலைமேல் எச்சரிக்கைக் கருவியும், சைரனும், கயிறும், நீச்சல் தெரிந்த ஆட்களும். நவீனமயம் என்றால் முதல் பட்டியலில் இவை வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

பிஸ்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலிப்படையை எதிர்கொள்ளும் காவலருக்கும் உயிர் உண்டு. அந்தக் காவலர் பல நேரம் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கிறார். விடியும் முன் ரோட்டில் ஓடி, கயிறு ஏறி, சீருடைப் பணியாளர் தேர்வு எழுதி உள்ளே போகிற தம்பி தங்கைகளில் எத்தனையோ பேர் நம் தெருக்காரர்கள். பயிற்சி தராமல் கையில் ஆயுதத்தைக் கொடுத்து, "சுடு" என்று வாய்மொழியாக உத்தரவிட்டு, விசாரணை வந்ததும் கடைநிலைக் காவலரை முன்னால் தள்ளுவது அதிகாரிகளின் பழைய வழக்கம். புதிய ஆயுதத்துக்கு விதி கேட்பது அந்தப் பிள்ளைகளையும் காப்பாற்றும்.

எனவே சிவப்புப் புள்ளியோடு சேர்ந்து வர வேண்டியவை என்று நான் நினைப்பவை இவை.

ஒன்று: பயிற்சிக் கணக்கு. ஒரு காவலர் ஆண்டுக்கு எத்தனை ரவுண்டு சுட்டுப் பழகுகிறார், சுடாமல் பேசிச் சமாளிக்க எத்தனை மணி நேரம் பயிற்சி பெறுகிறார் என்று வெளியிட வேண்டும். இரண்டாவது எண் முதல் எண்ணைவிட முக்கியம்.

இரண்டு: ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு. 2014 செப்டம்பர் 23-ல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளைத் தந்தது. போலீஸ் சுட்டு ஒருவர் செத்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் போலீஸ் விசாரிக்க வேண்டும். சுட்டவர் ஆயுதத்தைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வும் வீரப் பதக்கமும் கொடுக்கக் கூடாது. காயம் மட்டும் ஏற்பட்ட "காலில் சுட்ட" சம்பவங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

மூன்று: கேமரா. 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல்நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு, வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாத்தான்குளத்தில் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை நீதித்துறை நடுவர் கண்டுபிடித்தார் என்பதை மறக்க வேண்டாம். துப்பாக்கிக்கு வாங்கும் கண்ணாடிக்கு முன்னால் ஸ்டேஷன் சுவரில் உள்ள கண்ணாடி வேலை செய்ய வேண்டும்.

நான்கு: கண்காணிப்புக் குழு. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17-வது விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். தென்காசியில் கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று கேளுங்கள். போலீஸ் மீதான புகார்களையும் அங்கே வைக்கச் சொல்லுங்கள்.

இதில் மாணவர்கள் செய்ய வேண்டியது என்ன? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு நான்கு கேள்விகள் போதும். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆயுதங்களுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு? துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர்? மாவட்டத்தின் எத்தனை ஸ்டேஷன்களில் கேமரா வேலை செய்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கிறது? வன்கொடுமை வழக்குகளில் எத்தனையில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானது? யாரையாவது ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுத்த கடிதமும் ஓர் ஆவணம். வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

அந்த வீடியோக்களைப் பார்க்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. போலீஸ் ஆகு. நன்றாகக் குறி பார்க்கவும் கற்றுக்கொள். ஆனால் ஒருநாள் ஒரு கூட்டத்தை நோக்கித் துப்பாக்கியை உயர்த்தச் சொல்லி உனக்கு உத்தரவு வரலாம். கண்ணாடிக்குள் புள்ளி தெரியும். புள்ளிக்குப் பின்னால் சம்பளம் கேட்டு வந்த தோட்டத் தொழிலாளி இருக்கலாம், மூச்சுக்காற்று கேட்டு வந்த பள்ளிப்பெண் இருக்கலாம், தலைவனுக்கு மாலை போட வந்த உன் மாமன் இருக்கலாம். அந்த நேரத்தில் உத்தரவை எழுத்தில் கேட்கும் தைரியம் உனக்கு வேண்டும். நீ அப்படிக் கேட்டால் உன்னைக் காப்பாற்றும் சட்டத்தையும் அமைப்பையும் கட்டும் வேலை, வெளியே நிற்கும் எங்களுடையது.